காணாமல் போன 'இங்'

என்னுடைய இங்கிலீஷைப் பற்றி எனக்கு ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. எங்கள் தெருவிலும் அந்த அபிப்பிராயம் பரவலாக இருந்தது. பரப்பியவன் நான்தான். பத்திரிகையில் எழுதுகிற ஆசாமி என்றால் இங்கிலீஷ், இன்கம்டாக்ஸ், எலெக்ஷன் ரிசல்ட், எந்த டாக்டர் கைராசிக்காரர் என்பது வரை சகலமும் தெரியும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் துணி மூட்டையோடு தன் மகளையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மயிலாப்பூர் சித்திரைக்குளத்தைத் தாண்டி எங்கள் தெரு. முனையில் வேப்பமரம். மரத்தடியில் அவருடைய தள்ளுவண்டி. வெயிலோ தூறலோ, காலை ஏழு மணிக்குப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும்.

"பாப்பா ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு லெட்டர் போடுது சார். டீநகர்ல. நீங்க ஒரு தபா பாத்து, தப்பு கிப்பு இருந்தா திருத்திக் குடுத்தீங்கன்னா..." என்றார்.

பாப்பாவுக்கு 21 வயது. பி.காம். நானும் பி.காம்.தான். ஆனால் அவள் எடுத்த பர்சென்டேஜ் வேறு, நான் எடுத்தது வேறு. என்னுடையதை இங்கே எழுதினால் அடுத்த வாரம் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு சோபாவில் சாய்ந்தேன்.

முக்கால் பக்கக் கடிதம். தேதி, விலாசம், சப்ஜெக்ட் எல்லாம் அதது இடத்தில் உட்கார்ந்திருந்தன. படிப்பு இன்னது, டைப்ரைட்டிங் இங்கிலீஷ் ஹையர் பாஸ், டேலி தெரியும், டி.நகருக்கு வந்து போக சிரமம் இல்லை. அவ்வளவுதான். 'ப்ளீஸ் டு தி நீட்ஃபுல்' என்று ஒரு கெஞ்சல் கிடையாது. 'திஸ் இஸ் டு இன்ஃபார்ம் யூ தட்' என்று ஒரு முக்கல் முனகல் கிடையாது. இரண்டு தடவை படித்தேன். ஒரு கமா கூட அகப்படவில்லை.

இங்கேதான் என் சங்கடம் ஆரம்பம். தப்பே இல்லை என்று திருப்பிக் கொடுத்தால் நம்ம மரியாதை என்ன ஆகிறது? வயிற்றுவலி என்று போனவனை ஒன்றுமில்லை போய்ட்டு வா என்று அனுப்புகிற டாக்டருக்கு அடுத்த மாதம் கிளினிக் வாடகை கொடுக்க முடியுமா? மாத்திரை எழுதினால்தானே டாக்டர்!

கடைசி வரிக்கு வந்தேன். மாட்டிக்கொண்டது.

'ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ.'

டு ஹியரிங்? டு என்று வந்தால் பின்னால் வெறும் வினைச்சொல்தானே வரவேண்டும்? டு கோ. டு கம். டு ஈட். ஆறாம் வகுப்பில் 'டு கோயிங்' என்று எழுதி, கணுவில் ஸ்கேலால் வாங்கியவன் நான். அந்த வலி இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'ஹியரிங்' கழுத்தில் கை வைத்து 'இங்'கை ஒரே வெட்டு. டு ஹியர். முடிந்தது.

அந்தப் பெண் தயங்கினாள். "சார், இன்ஸ்டிடியூட்ல இது 'ஹியரிங்'னுதான்..."

"டு-க்கு அப்புறம் 'இங்' வராதும்மா. கிராமர்."

கிராமர் என்ற வார்த்தைக்கு நம் ஊரில் மேல்முறையீடு கிடையாது. "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இஸ்திரிக்காரர் அன்றைக்கு ஏழு துணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். என் மனைவி வற்புறுத்திக் கையில் திணித்தாள். நான் வற்புறுத்தவில்லை. அறிவுக்கு ஒரு விலை உண்டல்லவா?

பத்து பன்னிரண்டு நாள் இருக்கும். துணி கொண்டு வந்தவரிடம் "என்ன, லெட்டர் போட்டாச்சா?" என்று விசாரித்தேன். பாராட்டை வாங்கிக்கொள்வதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இன்டர்வியூக்குக் கூப்ட்டாங்க சார். போய்ட்டு வந்துச்சு" என்றார். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அந்த ஆடிட்டர் வயதானவர். பழைய காலத்து ஆள். கம்ப்யூட்டரில் வந்த கடிதத்தையும் காகிதத்தில் எடுத்துத்தான் படிப்பாராம். இவள் கடிதத்தில் கடைசி வரியைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாராம். "எல்லாம் நன்னா எழுதிட்டு முடிக்கிற இடத்துல ஏம்மா இப்படி?" என்று கேட்டாராம். இவள் உடனே, "ஹியரிங்னு வரணும் சார்" என்றாளாம். "தெரிஞ்சிருக்கே! அப்புறம் ஏன் தப்பா எழுதினே?" என்றாராம்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அவசரத்துல விட்டுட்டேன் சார்னு சொல்லிச்சாம். இங்க கவனம் இல்லாதவங்களுக்கு வேலை இல்லம்மா, ஒரு சைபர் விட்டா கட்சிக்காரன் நடுத்தெருவுல நிப்பான், யோசிச்சு சொல்றேன்னு அனுப்ச்சுட்டாரு." துணியை எண்ணி வைத்துவிட்டு, படி இறங்குகிறவர் திரும்பி, "உங்க பேரச் சொல்லலை சார் பாப்பா" என்றார்.

நக்கலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. எனக்கு ஆறுதலாகச் சொன்னார்.

நேரே மாடி ஏறினேன். எங்கள் ஃப்ளாட்டுக்கு மேலே ஒரு மாமா இருக்கிறார். 84 வயது. பாரிமுனையில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, டைரக்டரின் செக்ரட்டரியாக ரிடையரானவர். சேர்ந்த புதிதில் டிக்டேஷன் கொடுத்தவர் வெள்ளைக்காரர். இன்றைக்கும் காலையில் பேப்பர் வந்தால் மாமா முதலில் பேனாவைத் தேடுவார். எனக்கும் அவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. காரணம், அந்தப் பேனா.

நடந்ததைச் சொன்னேன். 'ஒருத்தர் திருத்தினார்' என்றுதான் ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் 'நான்தான் மாமா' என்று ஆகிவிட்டது.

மாமா சிரிக்கவில்லை. எழுந்து போய் டிராயரைத் திறந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தார். அவர் தங்கை பேத்தி கல்யாணம். அடையாறில் ஏதோ மண்டபம். "கடைசி வரியைப் படி" என்றார்.

"தங்கள் நல்வரவை ஆவலுடன் எதிர்நோக்கும்..."

"நல்வரவைன்னா என்ன?"

எனக்கு வரவு என்றால் பக்கத்தில் செலவும் இருக்கவேண்டும். பி.காம். புத்தி. "நல்ல வரவு மாமா. அதாவது வருகை."

"வருகை. பெயர்ச்சொல். அதுக்கு 'ஐ' உருபு சேர்த்திருக்கான். இதையே 'நீங்க வர எதிர்நோக்கும்'னு அச்சடிச்சா வாங்கிப்பியோ?"

"மாட்டேன். பிரஸ்காரன்ட்ட சண்டைக்குப் போவேன்."

"ஏன்? என்ன தப்பு அதுல?"

என்ன தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காதுக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். 'வருவதை எதிர்நோக்குகிறேன்' என்றால் சரி. 'வர எதிர்நோக்குகிறேன்' என்றால் யாரோ பாதியில் எழுந்து போய்விட்ட மாதிரி இருக்கிறது. 'பதில் கேட்க விரும்புகிறேன்' என்று சொல்லலாம். 'பதில் கேட்க எதிர்நோக்குகிறேன்' என்று மயிலாப்பூரில் இல்லை, மாயவரத்தில் கூட யாரும் சொல்ல மாட்டார்கள்.

"அதேதான் இங்கிலீஷிலும்" என்றார் மாமா. "ஹோப்புக்கு அப்புறம் 'டு ஹியர்'. கேட்க விரும்பறேன். லுக் ஃபார்வர்டு டு-வுக்கு அப்புறம் 'ஹியரிங்'. கேட்பதை எதிர்நோக்கறேன். அந்த 'இங்' இருக்கே, அது நம்ம 'வது'. தொழிற்பெயர்னு ஸ்கூல்ல படிச்சிருப்பியே?"

படித்தேன். பரீட்சை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதுவதால்தான் நமக்குத் தப்பு வருகிறது என்று எல்லா வாத்தியாரும் திட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வரியில் தமிழில் நினைத்திருந்தால் தப்பித்திருப்பேன். என்னைக் கவிழ்த்தது தமிழ் இல்லை, ஆறாம் வகுப்பு இங்கிலீஷ்! 'டு' என்றால் ஒரே 'டு'தான் என்று மண்டையில் அடித்து இறக்கிவிட்டார்கள். உண்மையில் இரண்டு 'டு' இருக்கிறது. ஒரே மாதிரி சட்டை போட்ட இரட்டைப் பிள்ளைகள். ஒன்று வினைச்சொல்லின் வால்பிடித்துக்கொண்டு வருவது, டு கோ, டு ஈட். இன்னொன்று நம் நான்காம் வேற்றுமை மாதிரி ஒரு பெயர்ச்சொல்லை எதிர்பார்த்துக் கை நீட்டிக்கொண்டு நிற்பது, டு மதுரை, டு மை வைஃப். லுக் ஃபார்வர்டு கூட ஒட்டிக்கொண்டு வருவது இரண்டாவது ஆசாமி. அவனுக்குப் பெயர்ச்சொல்தான் வேண்டும். வினைச்சொல்லைக் கொடுத்தால் 'இங்' சேர்த்துப் பெயர்ச்சொல்லாக்கிக் கொடு என்பான்.

எது எவன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாமாவின் வெள்ளைக்கார மேனேஜர் சொல்லிக்கொடுத்த வழி இது. 'டு'வுக்குப் பின்னால் 'இட்' என்று ஒரு வார்த்தையைப் போட்டுப் பார்க்கவேண்டியது. 'ஐ லுக் ஃபார்வர்டு டு இட்'. நிற்கிறது. ஆக, 'இங்' வேண்டும். 'ஐ வான்ட் டு இட்', 'ஐ ஹோப் டு இட்'. நொண்டுகிறது. ஆக, 'இங்' வேண்டாம். இதற்கு கிராமர் புத்தகம் எதற்கு? எனக்கு இதைப் பத்து வயதில் யாராவது சொல்லியிருந்தால் கணு பிழைத்திருக்கும்.

மாமா குஷியாகிவிட்டார். பழைய ஸ்டெனோக்களை இந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அப்புறம் காபி ஆறிப்போகும். ஆப்ஜெக்ட் டு-வும் இந்த ஜாதிதான்: 'ஹி ஆப்ஜெக்டட் டு பேயிங்'. பணம் கொடுப்பதை ஆட்சேபித்தான். வித் எ வ்யூ டு-வும் அப்படியே: 'வித் எ வ்யூ டு இம்ப்ரூவிங்'. கம்பெனிக் கடிதங்களில் பாதி பேர் அங்கே சறுக்குவார்களாம்.

யூஸ்டு டு-வுக்கு வந்தபோது மாமா நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். அது ஒரே வேஷத்தில் இரண்டு பேராக நடிக்கிற கேஸ். "2019 கோடை ஞாபகம் இருக்கா?" என்றார். மறக்குமா? ஏரியெல்லாம் வற்றி, மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தை வரிசை போட்டு, ஹார்ன் சத்தம் கேட்டால் தூக்கத்திலேயே ஓடின கோடை.

"'வீ யூஸ்டு டு வெயிட் ஃபார் தி லாரி'ன்னா, ஒரு காலத்துல காத்துண்டிருந்தோம், இப்ப இல்லைன்னு அர்த்தம். 'வீ ஆர் யூஸ்டு டு வெயிட்டிங் ஃபார் தி லாரி'ன்னா, காத்துண்டு நிக்கறது பழகிப்போச்சு, இனிமே அதான் வாழ்க்கைன்னு அர்த்தம்."

முதல் வாக்கியம் சரித்திரம். இரண்டாவது தலைவிதி. நடுவில் இருப்பது ஒரு 'ஆர்', ஒரு 'இங்'. இதற்கு மேல் எனக்கு உதாரணம் வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். 'ஐ லுக் ஃபார்வர்டு' என்பது ஆபீஸ் கடிதத்துக்கு. 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு' என்பது கொஞ்சம் தோளில் கை போட்ட மாதிரி, சிநேகிதனுக்கு. வேலை கேட்கிறவள் முதலாவதைத்தான் போட்டிருந்தாள். 'எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை' என்று போடுகிறவர்கள் உண்டு. நாம் பணிவாக 'பதிலை எதிர்பார்க்கிறேன்' என்று நினைத்து எழுதுவோம். படிக்கிற வெள்ளைக்காரனுக்கு 'பதில் வந்தாகணும், ஜாக்கிரதை' என்பது போலக் கேட்குமாம். 'அவெயிட்டிங் ஃபார்' என்று எழுதினால் அந்த 'ஃபார்' அதிகப்படி. அவெயிட்டுக்குள்ளேயே ஒரு 'ஃபார்' இருக்கிறது. 'நடு சென்டர்' மாதிரி.

"அந்தப் பொண்ணு எங்கே கத்துண்டா?" என்று கேட்டார்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் என்றேன். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. நம் தமிழ்நாட்டு கவர்ன்மென்ட் டைப்ரைட்டிங் பரீட்சையில் ஹையர் என்றால் நிமிஷத்துக்கு 45 வார்த்தை. அது ஸ்பீடு பேப்பர். இன்னொரு பேப்பரில் கடிதம், ஸ்டேட்மென்ட் எல்லாம் அழகாக அமைத்து அடிக்கவேண்டும். ஆகவே மாதக்கணக்கில் தினமும் வியாபாரக் கடிதமாக அடித்துத் தள்ளுவார்கள். 'லுக் ஃபார்வர்டு டு ஹியரிங்' என்று நூறு தடவை அடித்த விரலுக்கு இலக்கணம் தேவையில்லை, பாதை தெரியும். மாமா காலத்து ஷார்ட்ஹேண்டிலும் இதே கதைதான். 1837-ல் ஐசக் பிட்மன் வெளியிட்ட முறை அது. அதில் அடிக்கடி வருகிற தொடர்களை வார்த்தை வார்த்தையாகப் பிரிக்காமல், பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாகச் சேர்த்து எழுதிவிடுவார்கள். "அதுல எங்கேருந்துடா 'இங்'கை வெட்டுவே?" என்றார்.

அப்படியானால் அந்தப் பெண்ணின் விரல் சரியாக அடித்ததை வெட்டியவன், காமர்ஸ் பட்டதாரி, 'பிசினஸ் கம்யூனிகேஷன்' என்று ஒரு முழுப் பேப்பர் எழுதிப் பாஸ் பண்ணியவன்.

மாமா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "லஸ்ஸுல ரானடே லைப்ரரி மாடியில ஹால் இருக்கே, போயிருக்கியோ?"

போகாமலா? எத்தனை புத்தக வெளியீடு, எத்தனை சொற்பொழிவு! அந்த ஹாலின் மின்விசிறிக்குக் கீழே நான் தூங்கிய தூக்கத்தை மட்டும் கூட்டினால் ஒரு வாரம் வரும். "சீனிவாச சாஸ்திரி ஹால்தானே மாமா?"

"யாரு அவர்?"

ரைட் ஆனரபிள் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. 1869 செப்டம்பர் 22-ல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலில் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1921-ல் பிரிவி கவுன்சில் அங்கத்தினர். வெள்ளிநாக்குக்காரர் என்று வெள்ளைக்காரர்களே பட்டம் கொடுத்தார்கள். 1944-ல் இங்கே மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியில் ராமாயணத்தைப் பற்றி இங்கிலீஷில் முப்பது சொற்பொழிவு செய்தார். 1946 ஏப்ரலில் காலமானார். இவ்வளவையும் மாமா மூச்சு விடாமல் சொன்னார். பாதி எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள தைரியம் இல்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு. காந்திஜி தன் சுயசரிதையைக் குஜராத்தியில் எழுதினார். மகாதேவ் தேசாய் அதை இங்கிலீஷ் பண்ணினார். 1927-லும் 1929-லும் இரண்டு பாகமாக வந்தது. 1940-ல் மறுபதிப்பு வந்தபோது மொழிநடையை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரி. காந்திஜியை விடப் பத்து நாள் மூத்தவர். அரசியலில் அவரோடு ஒத்துப்போகாதவர். ஆனால் ஆத்ம சிநேகிதர். திருத்திக் கொடுத்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன் பேரைச் சொல்லக்கூடாது. ஆகவே மகாதேவ் தேசாய் முன்னுரையில், இங்கிலீஷில் பெரிய புலமை உள்ள மரியாதைக்குரிய ஒரு நண்பர் திருத்தினார், பேரைச் சொல்லக்கூடாது என்பது அவர் நிபந்தனை என்று எழுதி முடித்துக்கொண்டார். அது யார் என்று உலகத்துக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"மகாத்மாவோட புஸ்தகத்தைத் திருத்தினவர் பேரே வெளில வரப்படாதுன்னார்" என்றார் மாமா. "உன் பேரும்தான் வெளில வரலை. ஆனா அது நீ போட்ட நிபந்தனை இல்லை. அந்தப் பொண்ணு போட்டது."

காபி குடிக்காமலே இறங்கி வந்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு முடிவுக்கு வந்தேன். ஆடிட்டருக்கு நானே கடிதம் எழுதுவது. 'ஐயா, அந்தத் தவறு என்னுடையது, அந்தப் பெண் எழுதியது சரி' என்று மூன்று பாரா. இங்கிலீஷில். காலையில் மாமாவிடம் காட்டினேன். நாலு இடத்தில் வட்டம் போட்டார். பேசாமல் திருத்தி எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். அந்தப் பெண் அப்பாவுக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வாங்கிப் படித்தாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "வேணாம் சார்" என்றாள்.

"ஏம்மா? தப்பு என்னுதுதானே? உண்மையைச் சொல்லிட்டா..."

"அவரு அவசரத்துல தப்பு விட்டவன்னு நெனச்சிட்டிருக்காரு சார். இது போச்சுன்னா, சொந்தமா ஒரு லெட்டர் எழுதத் தெரியாம அடுத்தவங்களை விட்டு எழுத வெச்சவன்னு நெனைப்பாரு. அதோட, இன்டர்வியூல பொய் சொன்னேன்னும் ஆயிடும்."

நான் வாயைத் திறந்து மூடினேன். கணக்கில் ஒரு பிழையைத் திருத்தப் போய் இரண்டு பக்கமும் டேலி ஆகாமல் போகும் பாருங்கள், அந்த மாதிரி. என் மனசாட்சி சுத்தமாக வேண்டும் என்பதற்காக இன்னொரு தடவை அவள் கடிதத்தில் கை வைக்க இருந்தேன்.

"நானே ஒண்ணு எழுதி அனுப்பிட்டேன் சார்" என்று போனை எடுத்துக் காட்டினாள். முதல் நாள் ராத்திரியே அனுப்பியிருக்கிறாள். இன்டர்வியூவுக்கு அழைத்ததற்கு நன்றி. கடிதத்தில் கவனக்குறைவாக ஒரு பிழை நேர்ந்தது, அதைச் சுட்டிக்காட்டியதற்கும் நன்றி. வேலை கொடுத்தால் கணக்கில் அப்படி நேராது. நாலே வரி. ஐந்தாவதாக, 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ.'

நான் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தேன். எதையும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். எண்ணினேன். இங்கிலீஷில் அந்த வரியை நான் ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், தப்பாக. 'இத்துடன் முடித்துக்கொள்கிறேன்' என்பதற்குப் பதில் போடுகிற வரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கரிப்பெட்டிப் புகையில் நின்றுகொண்டு போனை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தைகளுக்கு ஓர் அர்த்தம் இருப்பது தெரிந்தது. என் மனைவி வேறு, "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது தெரிஞ்சுதாங்க?" என்று தினம் இரண்டு வேளை கேட்டு, இட்லியோடு குற்ற உணர்ச்சியையும் பரிமாறினாள்.

பத்தாம் நாள் காலையில் இஸ்திரிக்காரர் மணி அடித்தார். கையில் துணி இல்லை. ஸ்வீட் பாக்கெட்.

"பாப்பாவை வரச் சொல்லிட்டாங்க சார். ஒண்ணாந்தேதியிலேர்ந்து."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டிருப்பேன். அவர் கூச்சப்படுவாரே என்று விட்டேன். மாடிக்கு ஓடிப் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆர்டர்ல 'ரிப்போர்ட்டிங்' ஸ்பெல்லிங் சரியா போட்டிருக்கானா?" என்று கேட்டார்.

கீழே வந்தேன். இஸ்திரிக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அடுத்து பையன் இருக்கான் சார். பன்னெண்டாவது. அவனும் நாளைக்கு லெட்டரு கிட்டரு எழுதுவான்..." என்று ஆரம்பித்தார்.

"தாராளமா அனுப்புங்க" என்றேன். பழக்கதோஷம்.

"இல்ல சார்" என்று தலையைச் சொறிந்தார். "மாடி வூட்டுப் பெரியவருகிட்ட காட்டிக்கலாம்னு பாப்பா சொல்லுது. அவரு எப்ப வூட்ல இருப்பாருன்னு நீங்க கேட்டுச் சொன்னீங்கன்னா..."